பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ வான்வழித் தொலைவும் பயண நேரமும்

பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ வான்வழித் தொலைவு என்பது, தென்னிந்தியாவிலுள்ள பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் இடையே புவிப்பரப்பின் மீது அமையும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 13,990 கிலோமீட்டர். புவியின் மேல் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய பெரும அளவான சுமார் 20,000 கி.மீ. தொலைவில் இது 70 விழுக்காடு எனலாம். இடையில் நிற்காத வானூர்தி இத்தொலைவைக் கடக்க, செல்லும் திசையையும் காற்றையும் பொறுத்து 16 முதல் 18 மணி நேரம் ஆகும்.

இரு நகரங்களும் கணினித் தொழில்துறையால் பிணைக்கப்பட்டவை. எல்லைக்கு இப்பால் உள்ள ஒசூர், சூளகிரி, குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களில் இருந்து அமெரிக்கா செல்வோரும் பெரும்பாலும் பெங்களூரு வழியாகவே செல்கின்றனர். ஆகவே இத்தொலைவு தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் வாழ்வோருக்கும் பயனுள்ள ஒரு செய்தி. தொலைவும் நேரமும் எப்போதும் ஒன்றாகக் கூடிக் குறைவதில்லை என்பதற்கு இவ்வழித்தடம் நல்ல எடுத்துக்காட்டு.

தொலைவைக் கணக்கிடும் முறை

கோள வடிவப் பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, கோளத்தின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு வில் ஆகும். இவ்வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் எனப் பள்ளியில் படிக்கும் நெட்டாங்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. நிலநடுக்கோடு நீங்கலாக அட்சரேகைகள், அதாவது அகலாங்குக் கோடுகள், பெருவட்டங்கள் அல்ல.

பெங்களூரு வானூர்தி நிலையம் வடக்கு 13.20 பாகை அகலாங்கிலும் கிழக்கு 77.7 பாகை நெட்டாங்கிலும் உள்ளது. சான் பிரான்சிஸ்கோ நிலையம் வடக்கு 37.62 பாகை, மேற்கு 122.4 பாகை. நெட்டாங்கு வேறுபாடு ஒரு பக்கமாக 200.1 பாகை, மறுபக்கமாக 159.9 பாகை. இரண்டு அகலாங்குகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.139 கிடைக்கும். அவற்றின் கோசைன் மதிப்புகளையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைன் மதிப்பையும் பெருக்கினால் −0.724 கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் −0.585. இந்தக் கோசைன் மதிப்புக்கு உரிய கோணம் 125.8 பாகை. புவியின் மேல் ஒரு பாகை 111.2 கி.மீ. ஆதலால் தொலைவு 13,990 கி.மீ.க்கு அண்மையில் வருகிறது. ஏர் இந்தியா நிறுவனம் 2021இல் அறிவித்த எண் 13,993 கி.மீ. ஆகும். புவி முழுமையான கோளம் அல்ல என்பதாலும் ஆயங்களை முழுமையாக்கிக் கொள்வதாலும் சில கிலோமீட்டர் வேறுபாடு வருவது இயல்பே. கூட்டுத்தொகை எதிர்க்குறியில் இருப்பதைக் கவனிக்கலாம்: இரு நகரங்களும் புவிச் சுற்றளவில் கால் பங்குக்கும் கூடுதலான தொலைவில் இருப்பதை அக்குறி காட்டுகிறது.

பசிபிக் பெருங்கடலை நடுவில் கொண்ட தட்டையான உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் கோடு தென்கிழக்கு ஆசியா வழியாகப் பசிபிக் பெருங்கடலுக்குள் சென்று சான் பிரான்சிஸ்கோவை அடையும். கடலோடிகளின் மெர்கேட்டர் படத்தில் அவ்வாறு வரையும் நேர்க்கோட்டின் உண்மையான நீளம் சுமார் 16,100 கி.மீ. ஆகும். குறுகிய வழியைவிட இது 2,100 கி.மீ. மிகுதி, ஏறக்குறைய இந்தியாவின் தென்முனையில் இருந்து தில்லியை நெருங்கும் தொலைவை வீணாகச் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

பெருவட்ட வழி எந்த நாடுகளின் மேல் செல்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். பெங்களூருவில் இருந்து அது வடக்கு நோக்கி, சற்றே கிழக்குச் சாய்வாகப் புறப்படுகிறது. பிரயாக்ராஜுக்கும் வாரணாசிக்கும் இடைப்பட்ட பகுதியைக் கடந்து, நேபாளத்தின் நடுப்பகுதியில் இமயமலையைத் தாண்டி, திபெத், மேற்கு மங்கோலியா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடற்கரையை அடைகிறது. அங்கு வடக்கு 71 பாகை வரை ஏறிய பின் தெற்கே திரும்பி, அலாஸ்காவைக் குறுக்காகக் கடந்து, பசிபிக் கரையோரமாக இறங்குகிறது. பள்ளியில் ஒரு புவிக்கோளமும் நூலும் இருந்தால் மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். நூலை இரு நகரங்களிலும் பிடித்து இறுக்கினால் அது தானாகவே அலாஸ்காவின் மேல் போய் அமரும்.

வட துருவத்தைத் தொட்டே செல்வது என்று வைத்துக்கொண்டாலும் தொலைவு 14,360 கி.மீ. தான், குறுகிய வழியைவிட 370 கி.மீ. அளவே கூடுதல். இரு நகரங்களும் நெட்டாங்கில் ஏறக்குறைய எதிரெதிராக இருப்பதே இதற்குக் காரணம்.

காற்றும் திசையும்

நடு அகலாங்குகளில், வானூர்திகள் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்காகத் தாரைக் காற்றோட்டங்கள் வீசுகின்றன. குளிர்காலத்தில் இவற்றின் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. பெரிய பயணிகள் வானூர்தி காற்றைச் சார்ந்து மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. தரையைச் சார்ந்த வேகம், இதனுடன் பின்காற்றைக் கூட்டியோ எதிர்காற்றைக் கழித்தோ பெறப்படும்.

இதன் விளைவை 2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் தில்லி – சான் பிரான்சிஸ்கோ சேவை தெளிவாகக் காட்டியது. 2015 டிசம்பரில் தொடங்கிய அச்சேவை முதலில் மேற்கு நோக்கி அத்திலாந்திக் வழியாகச் சென்று வந்தது; அவ்வழி சுமார் 13,900 கி.மீ. பின்னர், போகும் வழியைப் பசிபிக் பக்கமாக மாற்றினர். தொலைவு 15,300 கி.மீ. ஆக உயர்ந்தது, பயண நேரமோ ஏறக்குறைய 2 மணி குறைந்து பதினான்கரை மணி நேரம் ஆனது. பின்காற்று கூடுதல் 1,400 கி.மீ. தொலைவை ஈடு செய்து, மேலும் நேரத்தை மிச்சப்படுத்தியது. போயிங் 777-200எல்ஆர் வகை வானூர்தி 2005 நவம்பரில் ஆங்காங்கில் இருந்து லண்டனுக்கு 21,602 கி.மீ. பறந்து சாதனை படைத்தபோதும், குறுகிய மேற்கு வழியை விடுத்துப் பசிபிக், வட அமெரிக்கா, அத்திலாந்திக் எனக் கிழக்கு நோக்கியே சென்றது.

பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ தடத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே செல்லலாம். திரும்பும்போது துருவப் பகுதி அல்லது அத்திலாந்திக் வழியாக மீண்டும் கிழக்கே வரலாம். அவ்வாறு சென்று வரும் பயணி உலகை ஒருமுறை முழுமையாகச் சுற்றியவர் ஆகிறார். சென்னை – லண்டன் போன்ற தடங்களில் இந்த வாய்ப்பு இல்லை. அங்கு ஒரு திசையில் எதிர்காற்றை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

வழியை மாற்றும் பிற காரணிகள்

பெருவட்டம் இமயமலையின் மேல் செல்கிறது என்றாலும் வானூர்திகள் அவ்வழியை அப்படியே பின்பற்றுவதில்லை. பறக்கும்போது உள்ளழுத்தம் குறைந்தால் வானூர்தி மூச்சு விடத்தக்க 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமோ 4,500 மீட்டர். இறங்குவதற்கு அங்கு இடமில்லை. ஆகவே கிழக்கே செல்லும் வானூர்திகள் வங்காள விரிகுடா, மியான்மர், சீனா, ஜப்பான் எனச் சுற்றிச் செல்வது வழக்கமாயிற்று.

அரசியலும் வழியைத் தீர்மானிக்கிறது. 2022 பிப்ரவரி இறுதியில் உருசியா, 36 நாடுகளின் வானூர்திகளுக்குத் தன் வான்பரப்பை மூடியது. இந்திய நிறுவனங்கள் அப்பட்டியலில் இல்லாததால் உருசியாவின் மேல் தொடர்ந்து பறந்தன. இதன் மறுபக்கம் 2023 சூன் 6 அன்று தெரிந்தது. தில்லியில் இருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா வானூர்தி ஒன்று பொறிக் கோளாறால் உருசியாவின் தூரக்கிழக்கில் உள்ள மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகளும் 16 பணியாளர்களும் மாற்று வானூர்தி வரும் வரை அங்கேயே தங்க நேரிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாக்கித்தான் இந்திய வானூர்திகளுக்குத் தன் வான்பரப்பை மூடியது. இது தில்லியில் இருந்து மேற்கே செல்லும் சேவைகளையே மிகுதியாகத் தாக்கியது. தெற்கே உள்ள பெங்களூருவில் இருந்து பசிபிக் பக்கம் செல்லும் வழிக்குப் பாக்கித்தான் வான்பரப்பு தேவைப்படுவதில்லை.

மூன்றாவது காரணி பெங்களூருவின் உயரம். கெம்பேகவுடா நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 915 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைகள் தரும் தூக்குவிசையும் பொறிகளின் உந்துவிசையும் குறையும். 16 மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமந்து மேலெழும் வானூர்திக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அங்குள்ள இரு ஓடுபாதைகளும் 4,000 மீட்டர் நீளம் உடையவை. சான் பிரான்சிஸ்கோ நிலையம் கடற்கரையிலேயே இருப்பதால் அங்கிருந்து எழும்போது உயரத்தால் வரும் இக்குறைபாடு இல்லை.

நேரடிச் சேவையின் வரலாறு

2021 சனவரி 9 அன்று இரவு 8:30 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 777-200எல்ஆர் வானூர்தி, துருவப் பகுதி வழியாகப் பறந்து சனவரி 11 அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. இரு நகரங்களுக்கும் இடையேயான முதல் நேரடிச் சேவை இதுவே. விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். சோயா அகர்வால் தலைமை ஏற்றிருந்தார். பின்னர் நிறுத்தப்பட்ட சேவை 2022 டிசம்பர் 2 அன்று மீண்டும் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் யுனைட்டட் ஏர்லைன்சு நிறுவனமும் 2020இல் இத்தடத்தை அறிவித்து, 2021இல் தொடங்குவதாகக் கூறியிருந்தது. ஆனால் அத்திட்டம் தள்ளிப்போயிற்று. இத்தகைய மிகத் தொலைவுச் சேவைகள் எரிபொருள் விலை, வான்பரப்பு நிலைமை ஆகியவற்றைப் பொறுத்து நின்றும் தொடங்கியும் வருபவை.

நேரடிச் சேவை இல்லாத காலங்களில் ஓரிடத்தில் மாறிச் செல்ல வேண்டும். பெருவட்டத் தொலைவுகளைக் கூட்டிப் பார்த்தால் ஆங்காங் வழி சுமார் 15,080 கி.மீ., துபாய் வழி 15,720, பிராங்க்பர்ட் வழி 16,550, சிங்கப்பூர் வழி 16,760 கி.மீ. ஆகின்றன. மேற்கே துபாய்க்குச் சென்று திரும்புவது சுற்றுவழி போலத் தோன்றினும், கிழக்கே சிங்கப்பூர் வழியைவிட அது 1,000 கி.மீ. குறைவு. இவற்றில் பறக்கும் நேரம் 18 முதல் 20 மணி. இடைநிலையத்தில் காத்திருக்கும் நேரமே மொத்தப் பயணத்தை 21 மணியாகவோ 30 மணியாகவோ ஆக்குகிறது. பயணச்சீட்டு வாங்குவோர் கிலோமீட்டரை விடுத்து இக்காத்திருப்பு நேரத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

நேர வலய வேறுபாடு

இந்தியச் சீர்நேரம் ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னது. கலிபோர்னியா குளிர்காலத்தில் 8 மணி பின்னது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடைகால நேரத்தைப் பின்பற்றுவதால் 7 மணி பின்னது. எனவே வேறுபாடு குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை மணி. கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் இங்கு குளிர்காலத்தில் இரவு 10:30, கோடையில் இரவு 9:30. மென்பொருள் நிறுவனங்களில் இரவுநேரத் தொலைபேசிக் கூட்டங்கள் ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகர்வது இதனால்தான்.

2021 சனவரி அட்டவணைப்படி பெங்களூருவில் பிற்பகல் 2:30 மணிக்குப் புறப்படும் வானூர்தி அதே நாள் மாலை 5 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவை அடையும். கடிகாரப்படி இரண்டரை மணி. அதனுடன் பதின்மூன்றரையைக் கூட்டினால் உண்மையான பயண நேரம் 16 மணி. திரும்பும் வானூர்தி இரவு 8:30க்குப் புறப்பட்டு மூன்றாம் நாள் அதிகாலை 3:45க்கு வந்து சேரும். கணக்கிட்டால் 17 மணி 45 நிமிடம். சனிக்கிழமை இரவு ஏறியவர் திங்கட்கிழமை இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வானில் கழிந்திருக்கும். 13,990 கி.மீ.யை இந்நேரங்களால் வகுத்தால் போகும்போது சராசரி வேகம் மணிக்கு 874 கி.மீ., வரும்போது 788 கி.மீ. எனக் கிடைக்கும்.

குந்தாரப்பள்ளியில் இருந்து பயண நேரம்

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்த ஊர். வெள்ளிக்கிழமைகளில் கூடும் ஆட்டுச் சந்தையால் அறியப்பட்டது. அருகில் குருபரப்பள்ளி தொழிற்பேட்டை உள்ளது. இவ்வூரில் இருந்து கெம்பேகவுடா நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 80 கி.மீ. தான். சாலை வழியோ 110 கி.மீ.க்கு மேல்; சூளகிரி, ஒசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி எனச் சென்று, பெங்களூரு நகரை முழுமையாகக் கடந்து, வடக்கே தேவனள்ளியை அடைய வேண்டும். போக்குவரத்து நெரிசலையும் சேர்த்து 3 மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது. பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பின் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஒன்று முதல் இரண்டு மணி ஆகலாம். ஆக, வீட்டில் இருந்து கணக்கிட்டால் 16 மணிப் பயணம் ஒரு முழு நாள் ஆகிறது.

மொத்தத் தொலைவில் ஒரு விழுக்காடு கூட இல்லாத சாலைப்பகுதி, மொத்த நேரத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதே 3 மணி நேரத்தில் உயரே சீராகப் பறக்கும் வானூர்தி 2,700 கி.மீ. கடந்துவிடும். பெங்களூருவுக்கும் துபாய்க்கும் இடையேயான தொலைவு அவ்வளவே.

முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 2008 மே 24 வரை பெங்களூருவின் பயணிகள் வானூர்திகள் நகரின் கிழக்கே உள்ள எச்ஏஎல் நிலையத்தில் இருந்து இயங்கின. ஒசூர் பக்கத்தில் இருந்து செல்வோர் நகரின் மையப் பகுதியைக் கடக்காமலே அதை அடைய முடிந்தது. புதிய நிலையம் வடக்கே தேவனள்ளியில் திறக்கப்பட்டபோது பழைய நிலையத்தில் வணிகச் சேவைகள் நின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்கான வான்வழித் தொலைவில் இம்மாற்றம் முப்பது கிலோமீட்டர் வேறுபாட்டைக் கூட உண்டாக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தாரின் பயண நேரத்திலோ ஒரு மணிக்கும் மேல் கூட்டியது.

ஒசூர் வானூர்தி நிலையத் திட்டம்

2024 சூன் 27 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், ஒசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைக்கப்படும் என அறிவித்தார். ஒசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கு உரிய ஒரு தனியார் வானூர்தித் தளம் முன்பே உள்ளது.

இத்திட்டத்துக்கு ஒரு சட்டத் தடை உண்டு. பெங்களூரு நிலையத்தை நடத்தும் நிறுவனத்துடன் நடுவண் அரசு 2004இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நிலையம் திறந்த நாளில் இருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, 150 கி.மீ. சுற்றளவில் வேறு பன்னாட்டு நிலையம் அமைக்க இயலாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. உடன்படிக்கை குறிப்பிடும் 150 கி.மீ. சாலைத் தொலைவு அன்று, வான்வழித் தொலைவு. பேளகொண்டப்பள்ளி தேவனள்ளியில் இருந்து வான்வழியாகச் சுமார் 60 கி.மீ. தொலைவிலேயே இருப்பதால் அவ்வட்டத்துக்குள் நன்றாகவே அடங்கிவிடுகிறது. குந்தாரப்பள்ளியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்ளேயே உள்ளன.

நிலையம் அமைந்தாலும் சான் பிரான்சிஸ்கோ போன்ற மிகத் தொலைவுச் சேவைகள் உடனே ஒசூருக்கு வரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தகைய சேவைகள் பெரிய நகரங்களையும் இணைப்புப் பயணிகளையும் நாடுபவை. துபாய், சிங்கப்பூர் போன்ற இடைநிலையங்களுக்குச் சேவை கிடைத்தாலே குந்தாரப்பள்ளிப் பயணிக்குப் பெங்களூரு நகரைக் கடக்கும் நேரம் மிச்சமாகும்; ஒசூர் அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவே ஆகும்.